தொற்றுநோய்க் காலமும் விசேட தேவையுள்ள பிள்ளையின் தாயும்



கொரோனா என்றால் இன்று லயத்துச் சின்னப்பிள்ளைகூடப் பாடமாக ஒப்புவிக்கும். கை கழுவு, முகத்தை மூடு, கூட்டம் சேராதே. அதைத் திரும்பச் சொல்வதற்காக இந்தப் பாடத்தை எழுதவில்லை. நடக்க முடியாத பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, அடிக்கடி வலிப்பு வரும் பிள்ளை, வயதுக்கேற்ற அறிவு வளர்ச்சி இல்லாத பிள்ளை என்று நம் தோட்டங்களில் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் அம்மாமார் அந்த நாட்களில் பட்ட பாட்டைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. நோய் வந்தவர்களை எண்ணினார்கள், இறந்தவர்களை எண்ணினார்கள். நோயே வராமல் வீட்டுக்குள் பிள்ளையோடு அடைபட்டுக் கிடந்தவளை யார் எண்ணினார்கள்?

முதலில் காலத்தை ஞாபகப்படுத்திக் கொள்வோம். 2020 மார்ச் 11ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகப் பெருந்தொற்று என்று சொன்னது. அதே கிழமையில் நம் நாட்டில் பாடசாலைகள் மூடப்பட்டன. மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். கடை இல்லை, பஸ் இல்லை, கோயில் திருவிழா இல்லை. ஆனால் தேயிலைக்கு மட்டும் விதிவிலக்கு. கொழுந்தை எடுக்காமல் விட்டால் முற்றிப்போகும், தொழிற்சாலை நின்றால் ஏற்றுமதியும் நிற்கும் என்பது காரணம். ஆகவே கொழும்பில் கந்தோர்க்காரர்கள் வீட்டில் இருந்த நாட்களில் நம் பெண்கள் கூடையோடு மலைக்குப் போனார்கள். பிறகு 2020 ஒக்டோபரில் இரண்டாம் அலை, 2021 சித்திரைப் புத்தாண்டுக்குப் பின் மூன்றாம் அலை, 2021 ஓகஸ்ட் 20 தொடங்கி ஒக்டோபர் 1 வரை மறுபடியும் மூடல். பாடசாலைகள் திறந்தும் மூடியும் ஏறக்குறைய இரண்டு வருஷம் ஒழுங்காக நடக்கவில்லை.

இங்கேதான் தோட்டத்துத் தாய்க்கும் டவுன் தாய்க்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். டவுனில் வேலையும் நின்றது, வீட்டில் இருக்கவும் முடிந்தது. தோட்டத்தில் வேலை நிற்கவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இருந்தவர்கள் மட்டும் நின்றுபோனார்கள்.

ஒரு பிள்ளைக்கு எத்தனை கைகள்

விசேட தேவையுள்ள பிள்ளையைத் தாய் தனியாக வளர்க்கிறாள் என்று நாம் சொல்வோம். உண்மையில் சாதாரண நாட்களில் அவளோடு சேர்ந்து பல கைகள் வேலை செய்கின்றன. பிள்ளை ஐந்து வயதுக்குக் குறைவு என்றால் சிறுவர் அபிவிருத்தி நிலையம் இருக்கிறது. நாம் இன்னும் பிள்ளைக்காம்பரா என்றுதான் சொல்கிறோம். ஐந்து வயது தாண்டிவிட்டால் அங்கே இடமில்லை. பாடசாலைக்குப் போக வேண்டும். விசேட வகுப்பு உள்ள பாடசாலை அனேகமாக டவுனில் இருக்கும், பஸ்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போக முடிந்தால்தான் அதுவும். அதனால் நம் பக்கத்தில் பெரும்பாலும் பென்ஷன் எடுத்த அப்பாயியோ அம்மாயியோ தான் பகலில் பிள்ளையைப் பார்க்கிறார்கள். அடுத்த காம்பரா அக்கா எட்டிப் பார்த்து ஒரு வாய் தண்ணீர் கொடுப்பாள். மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரி கிளினிக்கில் மருந்து, அதோடு உடற்பயிற்சி காட்டித்தரும் பிசியோதெரபி மிஸ். குடும்பநல உத்தியோகத்தர் வந்து நிறை பார்த்துவிட்டுப் போவார்.

எண்ணிப் பாருங்கள், ஐந்தாறு பேருடைய கைகள். பெருந்தொற்று இந்தக் கைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவிட்டது. பாடசாலையும் முன்பள்ளியும் மூடியாயிற்று. வயதானவர்களை நோய் கடுமையாகப் பிடிக்கும், பாட்டிமாரிடம் பிள்ளைகளை விடவேண்டாம் என்று அறிவித்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பாட்டியை எங்கே தள்ளி வைப்பது? "தள்ளி இரு, தள்ளி இருன்னு சொல்றாங்க. தள்ளி இருக்க எடம் எங்க இருக்கு?" என்று அப்போது பல வீடுகளில் கேட்ட பேச்சு. பக்கத்துக் காம்பராக்காரர் பயத்தில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

கிளினிக்குக்குப் போக பஸ் இல்லை. 2020இல் அரசாங்கம் கிளினிக் மருந்துகளைத் தபால் மூலம் வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் லயங்களுக்குத் தனித்தனி விலாசம் கிடையாதே. தோட்டத்துக்கு வரும் தபால் பெரும்பாலும் ஒபீசுக்கு வரும், அங்கிருந்து யாராவது கையில் கிடைத்தால் வீட்டுக்கு வரும். பரீட்சை முடிவு வந்த கடிதமே நாள் கடந்து கிடைக்கிற இடத்தில் மருந்துப் பொதி எப்படி நேரத்துக்கு வரும்? கிளினிக் கொப்பியில் சரியான தொலைபேசி இலக்கம் எழுதியிருந்தவர்களுக்கு ஓரளவு பரவாயில்லை.

இனி சம்பளக் கணக்கு. அந்த வருஷம் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. 2021இல்தான் 1000 ரூபாவானது. மலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது. போனாலும் மத்தியானம் ஓடி வந்து பிள்ளைக்குச் சோறூட்டி, துணி மாற்றி, திரும்பவும் மேலே ஏறினால் கிலோ குறையும், அரைப்பேர் போடுவார்கள். பல தாய்மார் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனார்கள். சிலர் வேலையையே விட்டார்கள். வேறு சில வீடுகளில் மூத்த பெண் பிள்ளையை இளையதைப் பார்க்க வைத்தார்கள். பாடசாலைதானே இல்லை, வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்ற எண்ணம். போனில் பாடம் நடந்த நேரத்தில் அவள் தம்பிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பாடசாலை திறந்த பிறகும் திரும்பிப் போகாத பெண் பிள்ளைகளை இந்தக் கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய பயம் இன்னொன்று. 2020இலும் 2021இன் முற்பகுதியிலும் நோய் உறுதியானவரை வீட்டில் வைத்திருக்கவில்லை, ஆஸ்பத்திரிக்கோ சிகிச்சை நிலையத்துக்கோ கொண்டுபோனார்கள். "என்னைய ஏத்திக்கிட்டுப் போயிட்டா இந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா?" இந்த ஒரு கேள்வியால் காய்ச்சல் வந்ததையே மறைத்த தாய்மாரும் உண்டு. சட்டம் தெரியாமல் செய்தார்கள் என்று அதைச் சொல்லிவிட முடியாது. அந்தப் பிள்ளை எப்படி விழுங்கும், எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும், எந்தச் சத்தம் போட்டால் பசி, எந்தச் சத்தம் போட்டால் வலி என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நின்றுபோன பயிற்சி என்ன செய்யும்

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பிறக்கும் நேரத்தில் மூச்சு முட்டியதாலோ, நிறை மிகக் குறைவாகப் பிறந்ததாலோ, மஞ்சள் காமாலை கடுமையானதாலோ, பிறகு வந்த மூளைக்காய்ச்சலாலோ மூளையில் ஒரு பகுதி பாதிக்கப்பட்டிருக்கும். (முன்வினை, தோஷம், தாய் செய்த பாவம் என்ற பேச்சு நம் லயங்களில் இன்னும் இருக்கிறது. அதில் உண்மை இல்லை.) மூளைக்காயம் கூடுவதில்லை. ஆனால் தசை இறுகிக்கொண்டே போகும். பிள்ளை வளரும்போது எலும்பு நீளும். இறுகிய தசை அதே வேகத்தில் நீளாது. தினமும் மெதுவாக நீட்டி மடக்கிவிட்டால் மூட்டு ஓரளவு வழிக்கு வரும். மாதக்கணக்கில் விட்டால் முழங்கால் மடிந்தபடியே நின்றுவிடும், குதிக்கால் நிலத்தில் படாது, தொடைகள் கத்திரிபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். பிறகு துணி மாற்றுவதுகூடக் கஷ்டம்.

ஆகவே நான்கு வயதில் பயிற்சி நின்று ஆறு வயதில் மறுபடி தொடங்கிய பிள்ளைக்கு, அந்த இரண்டு வருஷம் வெறும் இடைவெளி இல்லை. பேச்சுப் பயிற்சிக்கும் இதே கதைதான். காது கேளாத பிள்ளைக்கு இன்னொரு இடைஞ்சல் வந்தது. எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு எல்லார் உதடும் முகக்கவசத்துக்குள் போய்விட்டது. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கோ அன்றாட ஒழுங்கு மாறுவதுதான் பெரிய துன்பம். நேற்றுவரை போன இடத்துக்கு இன்று ஏன் போகவில்லை என்று விளங்காமல் அழும், தலையைச் சுவரில் மோதும். இரவில் தூங்காது. பிள்ளை தூங்காவிட்டால் தாயும் தூங்கமாட்டாள். விடியற்காலை எழுந்து ரொட்டி சுட்டு, பெரட்டுக்குப் போகிறவள் அவள்.

அதோடு முடியவில்லை. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. பெற்றோல், மண்ணெண்ணெய், பால்மா, மருந்து எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. ஆஸ்பத்திரியில் துண்டு எழுதிக் கொடுத்து வெளியில் வாங்கச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது 2023 மே 5ஆம் திகதி. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மண் சரிந்து மலைநாட்டுப் பாதைகள் அடைபட்டபோது மறுபடியும் அதே நிலை: கிளினிக் திகதி வந்தது, போக வழி இல்லை. நோயோ மழையோ, பாதை அடைபடுவது நமக்குப் புதிது அல்ல. அதனால் கீழே சொல்பவற்றைக் கொரோனாவுக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம்.

பாதை அடைபட்டால் வீட்டில் செய்யவேண்டியவை

மருந்தைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஆபத்து அதிகம். வலிப்பு மருந்தை ஒருபோதும் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் முன்னைவிடக் கடுமையாக, விடாமல் வலிப்பு வரலாம். மருந்து குறைந்துபோகிறது என்று இரண்டு நாளைக்கு ஒருமுறை கொடுப்பது, மாத்திரையைப் பாதியாக உடைத்து நாளை நீட்டுவது இரண்டும் பிழை. கிளினிக்கில் டொக்டரிடம் "எங்க தோட்டத்துப் பாதை அடிக்கடி அடைபடுது, இரண்டு கிழமைக்குக் கூடுதலா எழுதித் தாங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் ஏசுவார்கள் என்று பயந்து சும்மா வருகிறவர்கள்தான் நம்மில் அதிகம். கூடுதலாகக் கிடைத்ததைத் தனிப் போத்தலில் போட்டு, ஈரம் படாத, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். புது மருந்து கிடைத்ததும் பழையதை முதலில் முடியுங்கள். கிளினிக் கொப்பியை போனில் படம் எடுத்து வையுங்கள். கொப்பி நனைந்தாலும் மருந்தின் பெயரும் அளவும் கையில் இருக்கும். தோட்ட வைத்திய உதவியாளரிடமும் ஒருமுறை காட்டி, இந்தப் பிள்ளைக்கு இன்ன மருந்து என்று பதிந்து வைத்தால் நல்லது.

வலிப்பு வந்துவிட்டால் பிள்ளையை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். கழுத்தில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துங்கள். வாய்க்குள் கரண்டி, துணி, விரல் எதையும் வைக்க வேண்டாம். கையில் இரும்புச் சாவி கொடுப்பதாலோ செருப்பை முகரக் கொடுப்பதாலோ வலிப்பு நிற்காது, அது தானாகவே நிற்கும் நேரத்தில் நின்றதைத்தான் நாம் சாவியால் நின்றது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். தண்ணீரும் ஊற்றாதீர்கள். மணியைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால், அல்லது நின்று நினைவு திரும்பாமலே மறுபடி வந்தால், 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. லயத்து வாசலுக்கு வாகனம் வராத தோட்டமாக இருந்தால், எந்தச் சந்திவரை பிள்ளையைத் தூக்கி வருவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள்.

பயிற்சியைப் பொறுத்தவரை, பிசியோதெரபி மிஸ் காட்டும்போது தாய் மட்டும் பார்க்காமல் வீட்டில் இன்னொருவரும் போய்ப் பார்க்க வேண்டும். போனில் படம் பிடிக்க அனுமதி கேளுங்கள். வீட்டில் செய்யும்போது சுடுதண்ணீரில் குளிப்பாட்டிய பிறகு செய்தால் தசை இளகியிருக்கும். இறுகிய காலை மெதுவாக நீட்டி, முப்பது எண்ணும் வரை அப்படியே பிடித்து, மெதுவாக விடுங்கள். உதறக் கூடாது, வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பிள்ளை வலியில் கத்தினால் நிறுத்துங்கள். உட்கார முடியாத பிள்ளையைச் சுவர் மூலையில் இருத்தி, இரண்டு பக்கமும் தலையணையோ சுருட்டிய சாக்கோ வைத்தால் மூலையே முதுகைத் தாங்கும். படுத்தே கிடக்கும் பிள்ளையைப் பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். இடுப்பிலும் குதிக்காலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று துணி மாற்றும்போது பாருங்கள், புண்ணுக்கு முதல் அடையாளம் அந்தச் சிவப்பு.

சோறூட்டும்போது படுக்கவைத்து ஊட்டவேண்டாம். நம் வீடுகளில் அவசரத்தில் மடியில் மல்லாத்திப் போட்டு ஊட்டுகிறோம். அப்படிச் செய்தால் சோறு மூச்சுக்குழாய்க்குள் போய்ச் சளிக்காய்ச்சலாக மாறும். நேராக இருத்தி, தலை சற்று முன்பக்கம் சாய்ந்திருக்க, சின்னக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக. ஒன்றை விழுங்கிய பிறகுதான் அடுத்தது. தண்ணீர் குடித்தால் இருமும் பிள்ளைக்குத் தடித்த கஞ்சி சுலபமாக இறங்கலாம். அடிக்கடி இருமலும் சளியும் இருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள்.

முகக்கவசம் பற்றியும் ஒரு சொல். தானாகக் கழற்றத் தெரியாத பிள்ளைக்கு அதைப் போடக் கூடாது, மூச்சு முட்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் போட்டால் போதும்.

இனி, இரண்டாவது ஆள். தாய் காய்ச்சலில் விழுந்தால், ஆஸ்பத்திரிக்குப் போனால், பிள்ளையைப் பார்க்க ஒருவர் தயாராக இருக்க வேண்டும். பேச்சுக்கு ஒருவர் இருந்து பயனில்லை, மாதத்தில் இரண்டு நாளாவது அவரே ஊட்டி, குளிப்பாட்டி, மருந்து கொடுத்துப் பழகியிருக்க வேண்டும். பிள்ளையும் அவர் கைக்குப் பழகியிருக்க வேண்டும். ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் எழுதி வையுங்கள்: மருந்து எந்த நேரம் எவ்வளவு, எந்தச் சாப்பாடு இறங்கும், எது இறங்காது, பசித்தால் என்ன செய்வான், பயந்தால் எதைக் கொடுத்தால் அமைதியாவான். எழுத முடியாத தாய்மாருக்கு மூத்த பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும்.

அந்த இரண்டாவது ஆள் யார் என்று கேட்டால், நான் தகப்பனைத்தான் காட்டுவேன். "எனக்கு அது பழக்கமில்ல" என்று சொல்லும் தகப்பன்மாரே, கவ்வாத்துக் கத்தியும் ஒருநாள் உங்களுக்குப் பழக்கமில்லாமல்தான் இருந்தது. எட்டு வயதுப் பிள்ளை இருபது கிலோ இருக்கும், அதாவது பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்குக் கேட்கும் கொழுந்து நிறை. அதை அவள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இடுப்பில் ஏற்றி இறக்குகிறாள், கக்கூசுக்கு, குளிக்க, இஸ்தோப்புக்கு, திரும்ப உள்ளே. அது எந்தத் தராசிலும் நிறுக்கப்படுவதில்லை. வேலை முடிந்து நீங்கள் வந்த பிறகு இரவுத் தூக்கலையும் குளிப்பாட்டலையும் நீங்கள் எடுத்துக்கொண்டால் அவள் முதுகுக்குப் பாதி ஓய்வு.

தாய்மாருக்கு: தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குனிந்து, பிள்ளையை நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள். முதுகுக்கு மட்டுமல்ல, மனதுக்கும் நோய் வரும். கிழமைக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, பிள்ளையை அடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது: இதெல்லாம் கெட்ட தாயின் குணம் அல்ல, களைத்துப்போன உடம்பும் மனசும் காட்டும் அடையாளம். குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்திய உதவியாளரிடமோ வெட்கப்படாமல் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

கடைசியாக அரசாங்க உதவி. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. சட்டம் வீட்டுக்குத் தேடி வராது, நாம்தான் போக வேண்டும். வலது குறைந்தோருக்கு மாதாந்த உதவித்தொகை இருக்கிறது, தொகையும் தகுதியும் காலத்துக்குக் காலம் மாறும். கிராம உத்தியோகத்தரைச் சந்தித்து, பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் பிள்ளையின் பெயரைப் பதியுங்கள். சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி போன்றவைக்கும் அங்கேதான் கேட்க வேண்டும். பெயர் பதிவில் இருந்தால்தான் அடுத்த நெருக்கடியில் நிவாரணப் பட்டியல் போடும்போது உங்கள் வீடு இருப்பது அவர்களுக்குத் தெரியும். பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, டொக்டரின் கடிதம், தாய் தகப்பன் அடையாள அட்டை எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்றுக்காக மறுபடி ஒரு நாள் பேரை இழக்க வேண்டியதில்லை. பிறப்புப் பதிவே இல்லாத பிள்ளை என்றால் முதலில் அதை முடிக்க வேண்டும். காலங்கடந்த பதிவுக்கு என்னென்ன தேவை என்று தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் கேளுங்கள், படிவம் நிரப்பவும் அவரிடமே உதவி கேட்கலாம்.